பழைய ஜீப்பைச் சீரமைத்தலும் உதிரிபாகம் தேடலும்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவ்வாது மலையில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்து, பின்னர் ஒடுகத்தூர் அருகே ஒரு மாட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றுபோன மஹிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்றைக் காட்பாடிக்குக் கொண்டுவந்து, நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓட வைத்தேன். அந்த நாள் முதல் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து பலர் நேரில் வந்து கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வண்டியிலிருந்து கழற்றும் பழைய பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும், புதியது பொருந்தி வண்டி ஓடும் வரை அதை எடைக்குப் போடாதீர்கள். கடையில் காட்டுவதற்கும், லேத்தில் அளவு எடுப்பதற்கும் அதைவிட நம்பகமான சான்று கிடைக்காது.

என்னிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர் ஜீப் என்று விற்றவர் சொன்னார். எப்படி உறுதி செய்வது?

போர்க்கால ஜீப்புகள் 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்னும் இரண்டு வகைகள். இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. இருந்தாலும் நம் பக்கத்தில் "மிலிட்டரி ஜீப்" என்று விலை சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை, 1940-களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித் தரத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் பின்னர் இங்கேயே உற்பத்தி செய்த வண்டிகளாகவே இருக்கக் கண்டிருக்கிறேன்.

முன்பக்கக் கிரில்லில் 9 பிளவுகள் இருந்தால் போர்க்கால வண்டியாக இருக்கலாம்; 7 இருந்தால் பொதுமக்களுக்காகச் செய்த சிஜே வகை. போர்க்கால வண்டியில் பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி டயர் பின்புறத் தகட்டில் தொங்கும். ஆனால் கிரில்லையும் பாடியையும் எவரும் மாற்றிவிடலாம் என்பதால், சேசிஸைக் குனிந்து பாருங்கள். இரண்டு முன் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே வரும் குறுக்குச் சட்டம் வில்லிஸ் எம்பியில் உருண்டைக் குழாயாகவும், ஃபோர்டில் கவிழ்த்து வைத்த 'ப' வடிவத்திலும் இருக்கும். பானெட் வழக்கத்தை விட உயரமாக, பெட்டியைப் போல நிமிர்ந்து நின்றால் அது சிஜே-3பி. அதன் ஹரிகேன் இன்ஜினில் இன்லெட் வால்வு சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் அமைந்திருப்பதால் பானெட்டை உயர்த்த வேண்டியிருந்தது.

போர்க்கால ஜீப்பில் இருந்த பழைய கோ டெவில் இன்ஜினுக்கும் ஹரிகேனுக்கும் சிலிண்டரின் விட்டம் (bore) 3⅛ அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் (stroke) 4⅜ அங்குலம், கொள்ளளவு 2,199 சிசி. எனவே கீழ்ப்பகுதிப் பாகங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஹெட்டும் வால்வு அமைப்பும் ஒத்துப்போகா. வண்டியின் வகையைத் தெரிந்துகொள்வது பெருமைக்காக அல்ல, தவறான பாகத்தை வாங்காமல் இருப்பதற்காக.

வாங்கும் முன் இன்ஜினைப் பார்க்க வேண்டுமா, பாடியைப் பார்க்க வேண்டுமா?

இரண்டுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். இன்ஜின் சீஸ் ஆகியிருந்தாலும் சரி செய்யலாம், தரை முழுவதும் ஓட்டையாக இருந்தாலும் தகடு வெட்டிப் பற்றவைக்கலாம். ஆனால் சேசிஸ் எண்ணும் ஆவணமும் ஒத்துப்போகாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. சேசிஸ் எண்ணின் மேல் படிந்த பெயிண்டை மெதுவாகத் துடைத்து எடுத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 1960-களிலோ 70-களிலோ பதிவான ஜீப்பின் பழைய பேரேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே சில நடைகள் ஆகலாம். அந்தப் பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவரை உடன் அழைத்துச் சென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கைமாறிய பிறகு அவர் வரமாட்டார்.

ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால்?

முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த மாவட்டம் என்பதால் இக்கேள்வி இங்கே அதிகம் வருகிறது. ராணுவத்திலிருந்து வெளியேறிய வண்டியைப் பதிவு செய்வதற்கு, உரிய அதிகாரி வழங்கிய படிவம் 21 விற்பனைச் சான்றிதழின் அசல் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 47 சொல்கிறது. ஏலச் சீட்டின் நகல், "அப்பா எடுத்த வண்டி" என்னும் வாய்மொழி ஆகியவை போதா.

வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. வின்டேஜ் பதிவு செய்யலாமா?

2021 ஜூலையில் வெளியான திருத்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டுகள். மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அவ்விதிகள் வகுத்தன.

இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. மேலும், கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாரம்தோறும் அமிர்திக்கோ ஏலகிரிக்கோ போய்வர விரும்புபவருக்கு இது பொருந்தாது. அவர் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பிரிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதல் நாளே பெரும்பாலானோர் செய்யும் தவறு சக்கரத்தில் நடக்கிறது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களை மாட்டும் மரைத் தண்டுகளான ஸ்டட்டுகளுக்கு இடப்புரி மரை வெட்டப்பட்டிருக்கும். வழக்கமான திசையில் பைப் போட்டுத் திருகினால் நட்டு இன்னும் இறுகும், ஸ்டட்டு ஒடியும். ஸ்டட்டின் முனையையோ நட்டையோ கம்பித் தூரிகையால் தேய்த்தால் இடப்பக்கத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து தெரியலாம். தெரியாவிட்டால் மரையின் சாய்வைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இவ்வண்டிகளின் போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் தலை உருண்டுபோகும். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் போட்டு, கழற்றிய இடத்தைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளையும் அப்படியே, எத்தனை எந்தப் பக்கம் இருந்தன என்று எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது நினைவு கைகொடுக்காது.

உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?

எங்கே என்று கேட்பதற்கு முன் என்ன அளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நான் ஒரு வீண் பயணத்தில் கற்றேன். என் ஜீப்பில், இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸில் இருந்து ஆயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தபோது, நடு கியர் சுழலும் இன்டர்மீடியட் ஷாஃப்டில் ஊசி பேரிங்குகள் ஓடிய இடம் பள்ளமாகத் தேய்ந்து, நகத்தை வைத்து இழுத்தால் தட்டி நிற்கும் அளவுக்கு இருந்தது. சென்னைக்குத் தொலைபேசியில் சொல்லி, "ஜீப் டிரான்ஸ்பர் கேஸ் ஷாஃப்ட்" என்று மட்டும் கேட்டு, சுமார் 140 கிலோமீட்டர் போய் வாங்கிவந்தேன். அது பொருந்தவில்லை. கடைக்காரர் தந்தது ஜீப்பின் ஷாஃப்ட்தான். ஆனால் அந்த ஷாஃப்ட் காலத்துக்கு ஏற்ப மூன்று பருமனில் வந்திருக்கிறது: போர்க்கால வண்டிகளில் ¾ அங்குலம், அதன் பிறகு 1⅛ அங்குலம், 1950-களிலிருந்து 1¼ அங்குலம். மில்லிமீட்டரில் இவை 19.05, 28.58, 31.75. எனக்கு வேண்டியது 31.75, வந்தது 28.58. கையில் பழைய ஷாஃப்டையும், விட்டத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியரையும் எடுத்துச் சென்றிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆகவே பாகங்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். பேரிங், ஆயில் சீல், புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் வரும் யு.ஜே. கிராஸ் போன்றவற்றை ஜீப் பாகம் என்று தேடவே தேவையில்லை. பேரிங்கின் விளிம்பைத் துடைத்தால் எண் தெரியும். சக்கர பேரிங்கின் உள்வளையத்தில் 18590, வெளிவளையத்தில் 18520 என்று இருந்தால், அந்த எண்ணைச் சொல்லி எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்னும் மூன்று அளவுகள் போதும். இவை வேலூரிலேயே கிடைக்கக்கூடியவை.

இரண்டாவது வகை, ஜீப்புக்கே உரிய ஆனால் இன்றும் புதிதாகச் செய்யப்படும் பாகங்கள்: பிரேக் சிலிண்டர், கிளட்ச் தட்டு, கேஸ்கெட் செட், பிஸ்டன் போன்றவை. இவற்றுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பெங்களூரு ஜே.சி. சாலையும் நமக்கு ஏறக்குறைய ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலி ஜீப் வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். பாடி, பானெட், கிரில் என எல்லாமே அங்கிருந்து வருகின்றன. ஆனால் தகட்டின் தடிமனையும் துளைகளின் இடத்தையும் உறுதி செய்யாமல் அனுப்பச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது வகை புதிதாகக் கிடைக்காதவை: கியர்பாக்ஸ் கூடு, ஆக்சில் ஹவுசிங், ஸ்டீயரிங் பெட்டியின் உள்பாகங்கள், பழைய மீட்டர்கள். இவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையைப் போன்ற பழைய பாகச் சந்தைகளும், நம் ஊர்க் காயலான் கடைகளும்தான் வழி. திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கம் உள்ள பழைய மெக்கானிக் பட்டறைகளின் மூலையில் கிடக்கும் இரும்புக் குவியலை நான் பெரிதும் மதிக்கிறேன். மலை ஜீப்புகளைப் பார்த்துவந்த பெரியவர்கள் ஒரு நல்ல கியரை எடைக்குப் போட மனம் வராமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அவர்களிடம் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

புஷ், பின், ஷாஃப்ட் போன்ற எளிய உருவங்களைக் காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறைகளில் செய்துகொள்ளலாம். தேய்ந்த பகுதியை அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். தேயாத ஓரத்தை அளந்து கொடுக்க வேண்டும். என்ன எஃகு, எந்த இடத்தில் கடினப்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஸ்டீயரிங், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் லேத்தில் செய்து மாட்டாதீர்கள்.

முன் ஆக்சிலையோ பின் ஆக்சிலையோ வேறு ஜீப்பிலிருந்து எடுத்து மாட்டலாமா?

இரண்டின் பல் விகிதமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே. போர்க்கால ஜீப்பின் ஆக்சிலில் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 8 பல், பெரியதான கிரவுனுக்கு 39 பல், அதாவது 4.88, சிஜே வகைகளில் 8-க்கு 43, அதாவது 5.38. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இருந்தால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டிரான்ஸ்பர் கேஸை உடைக்கப் பார்க்கும்.

திறக்காமலே சோதிக்கலாம். ஆக்சிலைத் தூக்கி நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கச் சக்கரத்தைச் சரியாக இரண்டு முறை சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணினால், 5 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 4.88, ஐந்தே கால் சுற்றையும் தாண்டினால் 5.38.

கோடையில் வண்டி சூடாகிக் கொதிக்கிறது. பெரிய ரேடியேட்டர் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலிலும், உள்ளே சுத்தமாக இருக்கும் இந்த இன்ஜின் தாங்கும். குற்றம் தண்ணீரில் இருக்கிறது. பாலாற்றுப் படுகையின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் மிகுந்தது. அதையே பல ஆண்டுகள் ஊற்றி ஓட்டிய என் ஜீப்பின் பிளாக்கைத் திறந்தபோது, தண்ணீர் ஓடும் அறைகளில் வெந்நீர் அடுப்புப் பாத்திரத்தில் படிவதைப் போன்ற வெள்ளைக் காரை விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது; நாலாம் சிலிண்டர் பக்கம் அது துருவோடு கலந்து களிமண்ணாகவே இருந்தது. இன்ஜின் பிரித்திருக்கும்போது பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைக்கும் ஃப்ராஸ்ட் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பி விட்டுச் சுரண்டி முழுவதும் கழுவுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் மட்டுமே ஊற்றுங்கள்.

சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அதைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாத இன்ஜின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, சிலிண்டர் விரைவில் தேயும்.

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா?

இன்ஜினை விட ரப்பரைத்தான் முதலில் கெடுக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பர் ஹோஸையும் பம்பின் டயஃப்ரத்தையும் ஊறவைத்து இளகச் செய்கிறது. டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

டீசல் இன்ஜின் மாற்றிய ஜீப். மீண்டும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டுமா?

மலைக் கிராமங்களில் ஓடிய ஜீப்புகளில் டீசல் மாற்றம் பிழைப்புக்காகச் செய்யப்பட்டது. அதை நான் குறையாகக் கருதவில்லை. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்து, இன்ஜினும் நன்றாக இருந்தால் அப்படியே விடலாம். ஏறியிருக்காவிட்டால், அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பெட்ரோலுக்குத் திரும்பினாலும் டீசலிலேயே இருந்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதியைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். புதிதாக டீசலுக்கு மாற்ற நினைப்பவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். 60, 70 குதிரைத் திறனுக்காக வடிவமைத்த கியர்பாக்ஸும் சேசிஸும் அந்த அதிர்வைத் தாங்குவது கடினம்.

துருவை எடுக்கப் பாடியை ஷாட் பிளாஸ்டிங் செய்யலாமா?

சேசிஸுக்குச் செய்யலாம், பாடிக்குக் கூடாது. ராணிப்பேட்டையில் பாய்லர் பாகங்களைச் செய்யும் பட்டறைகளில் இரும்புக் குருணையை அடித்துச் சுத்தம் செய்யும் வசதி உண்டு. கனமான சேசிஸ் சட்டத்துக்கு அது மிகவும் ஏற்றது. அதே வேகத்தில் பாடித் தகட்டின் மேல் அடித்தால் தகடு சூடேறி நெளிந்துவிடும், டிங்கரால் அதை நேராக்கவே முடியாது.

பாடியில் துரு மேலே தெரியும் இடத்தைவிடக் கீழே அதிகம். தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவத்தில் பற்றவைத்த பட்டைகளுக்குள் சேறும் சாணமும் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். அந்தப் பட்டைகளைக் கழற்றாமல் மேலே மட்டும் தகடு ஒட்டி, பட்டி பூசிக் கொடுக்கும் வேலை இரண்டு மழைக்காலம் தாங்காது. 18 கேஜ் தடிமனுள்ள சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய) இரும்புத் தகட்டில் வெட்டிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். மூடும் முன் உட்புறம் பிரைமர் அடிக்கிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள்.

கான்வாஸ் கூரைக்குத் தனிக் கடை தேட வேண்டாம். லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் பழைய கூரையைக் கொடுத்தால் அதே வெட்டில் தைத்துத் தருவார். ஆம்பூர்த் தோல் அருகில் கிடைக்கிறது என்பதற்காக இருக்கைக்குத் தோல் போடாதீர்கள். மழையில் நனையும் திறந்த வண்டிக்குக் கான்வாஸே சரி.

ராணுவப் பச்சை அடிக்கலாமா?

கூடாது. ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. ஆர்.சி.யில் உள்ள நிறத்துக்கே திரும்புங்கள்.

டயர் கிடைக்குமா?

6.00-16 அளவு டயர் இன்றும் கிடைக்கிறது. டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் இதே அளவு உண்டு என்பதால் அதைக் காட்டி விற்கப் பார்ப்பார்கள். நீளவாக்கில் வரி ஓடும் டிராக்டர் டயர் வயலில் மெதுவாகச் செல்வதற்கானது. சாலை வேகத்துக்கும் பிரேக்குக்கும் உரியது அல்ல. குறுக்குக் கட்டைகள் கொண்ட ஜீப் டயரையே கேளுங்கள்.

6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றலாமா?

மாற்றலாம். டைனமோ, பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட், காயில், பல்புகள், மீட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செல்ஃப் மோட்டாரையும் மாற்றுவதானால் அதன் பினியன் பல்லும் ஃபிளைவீல் ரிங்கின் பல்லும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜோங்கா வண்டிக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

ஆவணம், துரு, தண்ணீர் பற்றியவை பொருந்தும், பாகங்கள் பொருந்தா. ஜோங்கா, நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி. 3,956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்டது. ஜீப்பை விடப் பாகம் கிடைப்பது அரிது என்பதால், ஓடாத இன்னொரு ஜோங்கா மலிவாகக் கிடைத்தால் சேர்த்து வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. உடனே மலை ஏறலாமா?

பொறுங்கள். முதல் 500 கிலோமீட்டர் சமதரையில், சுமையில்லாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமல் ஓட்டி, சூடான நிலையிலேயே ஆயிலை வடித்து மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் பித்தளைத் தூள் மினுக்குகிறதா என்று தெரியும். பிறகு, இன்ஜின் ஆறியதும், ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக 60 முதல் 70 அடி-பவுண்டு வரை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள். ஹரிகேன் இன்ஜினுக்கு வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம். ஸ்பிரிங் பட்டைகளின் யு-போல்ட்டுகள் அதற்குள் கட்டாயம் தளர்ந்திருக்கும், அவற்றையும் இறுக்குங்கள்.

அதன் பிறகு ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை நோக்கி ஏறிப் பார்க்கலாம். நான்கு சக்கர இயக்கத்தை மண் பாதை தொடங்கும் இடத்தில் போட்டு, தார்ச்சாலை திரும்பியதும் எடுத்துவிடுங்கள். இறங்கி வந்தவுடன் நான்கு பிரேக் டிரம்களையும் கையருகே கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் டிரம்மைத்தான் மறுநாள் முதலில் கழற்ற வேண்டும்.